இரண்டு கணுக்காலும் உடைந்து ஆபரேஷன் ஆனவர்கள் இருக்கிறீர்களா?

எல்லோருக்கும் வணக்கம். மாடிப்படியில் விழுந்ததில் அம்மாவுக்கு இரண்டு கணுக்காலும் உடைந்து, பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்து ஆபரேஷன் ஆனது. ஒரு வருடம் ஆகப்போகிறது. வயது அறுபதுக்கு மேல், சுகர் இல்லை. எலும்பு நன்றாகக் கூடிவிட்டதாக எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொல்லிவிட்டார். நடைதான் இன்னும் பழையபடி வரவில்லை.

ஒரு கால் என்றால் மற்றதை ஊன்றி வாக்கரில் நகரலாம். இரண்டும் போனால் அதுவும் இல்லை. முதல் மாதங்கள் கட்டிலும் சக்கர நாற்காலியுமாகவே போயின. கெண்டைச்சதை வற்றிவிட்டது. இப்போதும் காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடை. சாயங்காலமானால் வீக்கம், செருப்பு வார் பதிந்த தடம் அப்படியே நிற்கும். படி ஏறிவிடுகிறார், இறங்கும்போதுதான் பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொன்றாக வைக்கிறார். கணுக்கால் போதிய அளவு மடங்காததுதான் காரணம் என்கிறார் பிசியோதெரபிஸ்ட். துண்டைப் பாதத்தில் மாட்டி இழுப்பது, சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்குவது எல்லாம் தினமும் நடக்கிறது.

இந்த நிலையைத் தாண்டியவர்கள் சொல்லுங்கள். பிளேட்டை எடுத்துவிட்டீர்களா? அம்மாவுக்கு வெளிப்பக்க ஸ்க்ரூ தோலுக்கடியில் தட்டுப்படுகிறது, உரசினால் வலி. எடுத்தபின் குறைந்ததா? தரையில் உட்கார்ந்து எழ எவ்வளவு காலம் பிடித்தது? அப்புறம், எந்த மாதிரி செருப்பு ஒத்துவந்தது?

எண்ணெய் போட்டு நீவிவிடச் சொல்லி ஏற்கெனவே சொந்தக்காரர்கள் படுத்துகிறார்கள். அது மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.