குடும்ப குரூப்: வெனிஸ்ல வீல்சேர்

ஷாலு: மீனாக்கா, ஹோட்டல்ல இருந்து ரியால்டோ பாலம் 400 மீட்டர்தான்னு மேப்ல காட்டுது. வீல்சேர்லயே போயிடலாம்ல?

மீனாக்கா: மீட்டரை விடு, நடுவுல எத்தனை பாலம்னு எண்ணு. அங்க பாலம்னாலே படிக்கட்டுதான். ஊருக்குள்ள 400-க்கு மேல இருக்கு, சரிவுப்பாதை வெச்சது ரொம்பக் கம்மி.

ராஜா சித்தப்பா: பாலம் வந்தா படகு ஏறிடும்மா. 1-ம் நம்பர் வாபொரேட்டோ, அதாவது படகு பஸ், பெரிய கால்வாயில இந்தக் கரை அந்தக் கரைன்னு மாறி மாறி நிக்கும். ரியால்டோ ஸ்டாப்புக்கு எதிர்க்கரையில ரியால்டோ மெர்காத்தோ ஸ்டாப். பாலம் ஏறாமலே மார்க்கெட் பக்கம் போயிடலாம்.

மீனாக்கா: 75 நிமிஷ படகு டிக்கெட் வீல்சேர்ல வர்ற உனக்கு 1.50 யூரோ, கூட வர்ற அம்மா ஃப்ரீ. சித்தப்பா 9.50 கட்டணும் 😄

ராஜா சித்தப்பா: கட்டிடறேன். ஆனா 4.1, 5.1 மாதிரி சின்னப் படகுகள்ல கேபினுக்குப் படி இறங்கணும். 1, 2 நம்பர்தான் நமக்கு லாயக்கு.

ஷாலு: படகுல ஏறுறது கஷ்டமா?

மீனாக்கா: ஸ்டாப் மிதவை மேல இருக்கு. தண்ணி ஏறி இறங்க அதுவும் ஏறி இறங்கும். காலையில சமமா இருந்த பலகை, தண்ணி வத்தினா சரிவா நிக்கும். அப்ப பின்பக்கமா இறங்கு, அம்மா பிடிச்சுக்கட்டும். மிதவைக்கும் படகுக்கும் நடுவுல இடுக்கு இருக்கும், சின்ன முன்சக்கரம் அதுல மாட்டிக்கும். திரும்பி, பெரிய சக்கரத்தை முதல்ல உள்ள விடு. கயிறு கட்டி முடிக்கிற வரைக்கும் நகராத. எங்க இறங்கணும்னு ஏறும்போதே ஊழியர்கிட்ட சொல்லிடு.

ஷாலு: சான் மார்க்கோ சதுக்கத்துக்கு சான் ஸக்காரியா ஸ்டாப்தானே?

மீனாக்கா: வேண்டாம், அங்கேர்ந்து சதுக்கத்துக்கு வர படிக்கட்டுப் பாலம் தாண்டணும். வல்லரெஸ்ஸோ ஸ்டாப்ல இறங்கு. தோட்டத்து ஓரமா போகாத, அங்கயும் ஒரு பாலம். நேரா சந்துக்குள்ள போய் வலது பக்கம் திரும்பினா சதுக்கம். அங்க இருக்கிற சான் மார்க்கோ பசிலிக்கா தேவாலயத்துக்கு வடக்குப் பக்க வாசல் வழியா போ. பக்கத்துல டோஜ் (பழைய வெனிஸ் ஆட்சித் தலைவர்) அரண்மனையில லிஃப்ட் உண்டு, ஆனா சிறைப் பகுதியும் அதுக்குப் போற பெருமூச்சுப் பாலமும் வீல்சேருக்கு ஆகாது.

ராஜா சித்தப்பா: பஸ் வந்து நிக்கிற பியாத்சாலே ரோமாலேர்ந்து ரயில்வே ஸ்டேஷனுக்கும் படகுதான், ஒரே ஸ்டாப். அந்த ரெண்டுக்கும் நடுவுல 2008-ல திறந்த கலத்ராவா பாலமும் படிதான். பக்கத்துல முட்டை மாதிரி ஒரு லிஃப்ட் தொங்கவிட்டாங்க, 2020-ல அதையும் கழட்டிட்டாங்க. புதுப் பாலத்துலயே இந்த லட்சணம்!

ஷாலு: நவம்பர்ல தண்ணி ஏறுமாமே?

மீனாக்கா: கடல் தண்ணியைத் தடுக்குற மோசே தடுப்பைத் தூக்குறது 110 செ.மீ. ஏத்தத்துக்குத்தான். சான் மார்க்கோ சதுக்கம் ஏத்தம் 80 செ.மீ. தாண்டினாலே நனைய ஆரம்பிச்சிடும். அப்ப போடுற நடைபலகைக்கும் ரெண்டு முனையிலயும் படி. முந்தின நாளே கடல் ஏத்த முன்னறிவிப்பைப் பார்த்துட்டு சான் மார்க்கோ நாளை மாத்திக்கோ.

ராஜா சித்தப்பா: முதல்ல ஹோட்டல்காரங்ககிட்ட கேளும்மா. லிஃப்ட் இருக்கான்னு மட்டும் கேட்டா இருக்குன்னுதான் சொல்லுவாங்க. வாசல்ல எத்தனை படி, படகு ஸ்டாப்லேர்ந்து எத்தனை பாலம், அதைக் கேளு.

ஷாலு: கேட்டாச்சு. வாசல்ல 2 படி, நடுவுல ஒரு பாலம். கேன்சல் பண்றேன்.