அம்மாவின் கனடா ரிக்கெற் தாளில் உள்ள சொற்களை யாராவது விளங்கப்படுத்துங்கள் (ஹோட்டலும் காரும் சேர்த்து)

பிகேடி_மகள்:

புதுக்குடியிருப்பிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 68 வயது, கனடா விசா வந்துவிட்டது. ரொறன்ரோவில் இருக்கும் அக்காவுக்கு அடுத்த மாதம் பிள்ளை பிறக்கப்போகிறது, அதற்கு முதல் அம்மா போய்ச் சேரவேண்டும். அவர் இதுவரை விமானம் ஏறியதே இல்லை.

ஒரு கடையில் ரிக்கெற் போடக் கொடுத்து முற்பணமும் கட்டினேன், ஒரு தாள் தந்தார்கள். இரண்டு நாளாக அதை விரித்துப் பார்ப்பதும் மடிப்பதுமாக இருக்கிறேன். மேலே எழுத்தும் இலக்கமும் கலந்த ஆறு எழுத்துக் குறியீடு, அது பி.என்.ஆர். என்று கடையில் இருந்த தம்பி சொன்னார். அதற்குக் கீழே ‘டைம் லிமிற்’ என்று நாளை மறுநாள் திகதி. கட்டுநாயக்காவில் ஏறும் நேரம் 14ஆம் திகதி 00.40. டோகாவில் மாறவேண்டும். பொதி என்ற இடத்தில் ‘2 பீஸ்’. கடைசியில் ‘நொன் ரிபண்டபிள்’, ‘நோ ஷோ’ என்று பொடி எழுத்தில் ஏதோ இருக்கிறது. இவ்வளவுக்கும் என்ன அர்த்தம்?

பலாலியிலிருந்து சென்னை போய், அங்கிருந்து பிராங்பேர்ட் வழியாகப் போனால் மலிவு, ஆனால் இரண்டு ரிக்கெற்றாகப் போடவேண்டும் என்றும் சொல்கிறார்கள். பலாலி எங்களுக்குக் கிட்ட, அதனால் அம்மாவுக்கு அதில்தான் ஆசை.

இன்னொன்று. வைகாசியில் அக்கா குடும்பம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வர இருக்கிறார்கள். இரவு 3 மணிபோல வந்திறங்குவார்களாம், நீர்கொழும்பில் தங்க ஹோட்டல், பத்து நாளுக்கு வாடகைக் கார் இரண்டையும் நான்தான் பார்க்கவேண்டும். அத்தான் வாட்ஸ்அப்பில் ‘சி.டி.டபிள்யூ. உண்டா, எக்ஸஸ் எவ்வளவு’ என்று கேட்கிறார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வவுனியன்:

அக்கா, நான் ஒன்பது வருடம் ரிக்கெற் கவுண்டரில் இருந்தவன். மற்றதெல்லாம் பிறகு, முதலில் அந்தத் தாளில் 13 இலக்கத்தில் ரிக்கெற் நம்பர் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தைக் குறிக்கும், ஸ்ரீலங்கன் என்றால் 603, கட்டார் என்றால் 157, எமிரேட்ஸ் என்றால் 176. அது இல்லையென்றால் உங்கள் கையில் இருப்பது ரிக்கெற் இல்லை, புக்கிங் மட்டும்தான்.

எங்கள் பக்கத்தில் ஆட்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பி.என்.ஆர். என்பது உங்கள் பெயரில் ஒரு இருக்கையைப் பிடித்து வைத்ததற்கான குறியீடு. அதைப் போடக் கடைக்காரருக்குக் காசு செலவில்லை. பிடித்த இருக்கைக்கு ஒரு கெடு உண்டு, அதுதான் டைம் லிமிற். அந்த நேரத்துக்குள் ரிக்கெற் இஷ்யூ பண்ணாவிட்டால் புக்கிங் தானாகவே விழுந்துவிடும், திரும்பப் போடும்போது அதே விலை கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. விசாவுக்குக் காட்ட எடுக்கும் தாளும் இதே மாதிரித்தான் இருக்கும், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆகவே மிச்சக் காசைக் கட்டினால் அங்கேயே இருந்து 13 இலக்கத்தை வாங்கிக்கொண்டு எழும்புங்கள். பிறகு விமான நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்தில் பி.என்.ஆர்., குடும்பப் பெயர் இரண்டையும் போட்டுப் பாருங்கள். அங்கே வரவில்லையென்றால் பயப்படவேண்டாம், கடைக்காரர் பாவிக்கும் அமேடியஸ், கலிலியோ மாதிரியான கணினி முறைமையின் குறியீடும் விமான நிறுவனத்தின் குறியீடும் வேறாக இருக்கலாம். ‘எயார்லைன் பி.என்.ஆர். தாருங்கள்’ என்று கேட்டால் தருவார்கள்.

இஷ்யூ பண்ண முதல் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பாஸ்போட்டில் குடும்பப் பெயர் என்று இருப்பது ரிக்கெற்றில் முதலில் வரும், பிறகு ஒரு சாய்கோடு, பிறகு அம்மாவின் பெயர், அதன் வாலில் ‘மிஸிஸ்’ ஒட்டிக்கொண்டு நிற்கும், அது பிழையில்லை. எங்கள் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு எச் கூடுவதும் குறைவதும் சாதாரணம். இஷ்யூ பண்ண முதல் திருத்துவது இரண்டு நிமிட வேலை, பிறகு என்றால் காசும் அலைச்சலும்.

00.40 என்றால் 13ஆம் திகதி இரவு 12 மணி தாண்டி நாற்பது நிமிடம். 13ஆம் திகதி பகலிலேயே வீட்டிலிருந்து வெளிக்கிட வேண்டும். தயவுசெய்து இதைக் கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். தாளில் எங்காவது வந்துசேரும் நேரத்துக்குப் பக்கத்தில் ‘+1’ என்று இருந்தால் ஏறிய திகதிக்கு அடுத்த நாள் இறங்குகிறார் என்று அர்த்தம்.

நோ ஷோ என்பது முன்கூட்டியே சொல்லாமல் விமானத்துக்கு வராமல் விடுவது. பயணத்தில் ஒரு விமானத்தைத் தவறவிட்டால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம், திரும்பி வரும் பயணமும் சேர்த்து, ரத்தாகிவிடும். போக முடியாது என்று தெரிந்தால் ஏற முதலே அறிவியுங்கள். நொன் ரிபண்டபிள் என்றால் காசு திரும்பாது, ஆனால் திகதி மாற்றலாமா என்பது வேறு கேள்வி, அதற்கு எவ்வளவு கட்டணம் என்று தனியாகக் கேளுங்கள். பிள்ளைப்பேறு விடயம், திரும்பும் திகதி மாறக்கூடும்.

2 பீஸ் என்றால் இரண்டு பெட்டி, கனடாப் பக்கம் பெரும்பாலும் ஒவ்வொன்றும் 23 கிலோ. மொத்தம் 46 தானே என்று ஒன்றில் 30, மற்றதில் 16 வைத்தால் எயார்போட்டில் மேலதிகக் காசு கேட்பார்கள்.

அம்மாவுக்கு வீல்செயார் போடச் சொல்லுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. மூன்று வகை இருக்கிறது. படி ஏறக்கூடியவர், ஆனால் தூரம் நடக்க ஏலாது என்றால் ஒன்று, படி ஏற ஏலாதவருக்கு ஒன்று, இருக்கை வரைக்கும் கொண்டுபோய் விடவேண்டியவருக்கு ஒன்று. உங்கள் அம்மாவுக்கு முதலாவது போதும் என்று நினைக்கிறேன். டோகாவில் ஒரு ஆள் வந்து தள்ளிக்கொண்டுபோய் அடுத்த வாசலில் விடுவார், மொழி தெரியாதவருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. ரிக்கெற் போடும்போதே பதிந்துவிடுங்கள்.

சென்னை வழி வேண்டாம். இரண்டு தனி ரிக்கெற் என்றால் சென்னையில் இறங்கிப் பொதியை எடுத்துத் திரும்பவும் போடவேண்டும், அதற்கு இந்திய விசா தேவை. முதல் விமானம் பிந்தினால் அடுத்தவன் பொறுப்பெடுக்க மாட்டான். பிராங்பேர்ட்டில் எங்கள் பாஸ்போட்டுக்கு ட்ரான்சிற் விசா என்று ஒன்றும் உண்டு, செல்லுபடியாகும் கனடா விசா இருப்பவருக்கு விலக்கு இருக்கிறது, ஆனால் முதல்தடவை போகும் ஒரு வயதானவர் அதை யாருக்கோ விளங்கப்படுத்திக்கொண்டு நிற்கவேண்டுமா? ஒரே ரிக்கெற்றில் டோகா வழியாகப் போனால் கட்டுநாயக்காவில் போட்ட பெட்டி ரொறன்ரோவில்தான் வரும்.

ஒட்டுசுட்டான்_அண்ணா:

தங்கச்சி, அந்த 00.40 விடயத்தைச் சும்மா வாசித்துவிட்டுப் போகவேண்டாம். என் தம்பியை வேலைக்கு அனுப்பும்போது ரிக்கெற்றில் 7ஆம் திகதி 01.15 என்று இருந்தது. நாங்கள் 7ஆம் திகதி பின்னேரம் வான் பிடித்து, வழியெல்லாம் கதைத்துச் சந்தோசமாகப் போய் இறங்கினோம். கவுண்டரில் இருந்த பிள்ளை தாளைப் பார்த்துவிட்டு, ‘இது நேற்று இரவு போய்விட்டது’ என்று மெதுவாகச் சொன்னது. தம்பி பெட்டியின் மேலே அப்படியே இருந்துவிட்டான். புது ரிக்கெற்றுக்கு அம்மாவின் சங்கிலி போனது.

நீர்கொழும்பில்_மல்லாவி:

நான் இங்கே ஒரு ஹோட்டலில் முன்மேசையில் வேலை செய்கிறேன், சொந்த இடம் மல்லாவி. இரவு 3 மணிக்கு வருபவர்கள் செய்யும் பிழை ஒன்று இருக்கிறது. 20ஆம் திகதி விடிய 3 மணிக்கு இறங்குகிறார்கள் என்றால் அறையை 19ஆம் திகதி இரவுக்குப் போடவேண்டும். 20 என்று போட்டால் அறை கிடைப்பது 20ஆம் திகதி பிற்பகல் 2 மணிக்கு, கைப்பிள்ளையோடு வரவேற்பு அறையில் இருக்கவேண்டி வரும். 19க்குப் போட்டுவிட்டு ‘விடிய 3 மணிக்கு வருகிறோம்’ என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் நடுச்சாமம் தாண்ட நோ ஷோ என்று அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும் இடங்கள் இருக்கின்றன.

பி.பி. என்றால் அறையும் காலைச் சாப்பாடும், ஹாஃப் போட் என்றால் அதோடு பெரும்பாலும் இரவுச் சாப்பாடு, ஃபுல் போட் என்றால் மூன்று நேரமும். டபுள் என்பது ஒரு பெரிய கட்டில், ட்வின் என்பது இரண்டு தனிக் கட்டில். அம்மாவும் கூட வருவதால் ட்ரிப்பிள், அதோடு பிள்ளைக்குத் தொட்டில் என்று கேளுங்கள். விலைக்குப் பின்னால் ‘பிளஸ் பிளஸ்’ இருந்தால் கவனம். 10,000 ரூபா என்று போட்டிருப்பார்கள், 10 சதவீதச் சேவைக் கட்டணம் சேர 11,000, அதன் மேல் வற் 18 சதவீதம் சேர 12,980 ஆகிவிடும். வேறு சின்ன வரிகளும் சேரலாம். ‘எல்லாம் சேர்த்து எவ்வளவு?’ என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள்.

ஏ9_சாரதி:

காரைப் பற்றி நான் சொல்கிறேன், மாங்குளம் ஆள், வான் ஓடுகிறேன். சி.டி.டபிள்யூ. என்பது கார் அடிபட்டால் முழுச் செலவும் உங்கள் தலையில் விழாமல் தடுக்கும் ஏற்பாடு. அதிலும் ஒரு பங்கு உங்களுடையது, அதுதான் எக்ஸஸ். எக்ஸஸ் ஒன்றரை லட்சம் என்று வையுங்கள், திருத்த நான்கு லட்சம் போனால் முதல் ஒன்றரை லட்சத்தை நீங்கள் கட்டவேண்டும், மிச்சம் அவர்கள். இதில் முக்கியம், ரயர், கண்ணாடி, காரின் அடிப்பாகம் மூன்றும் பல இடங்களில் இதற்குள் அடங்காது. எங்கள் உள்வீதிகளில் கல் அடிப்பதே அடியில்தான். வாய் திறந்து கேளுங்கள்.

அடுத்தது கிலோமீற்றர். நாளுக்கு 100 என்று போட்டால் பத்து நாளுக்கு 1000. கட்டுநாயக்காவிலிருந்து கிளிநொச்சி ஏறத்தாழ 300, போய்வர 600 முடிந்தது. மிச்ச 400க்குள் புதுக்குடியிருப்பு, வற்றாப்பளை, யாழ்ப்பாணம், சொந்தக்காரர் வீடுகள் எல்லாம் அடங்குமா? கூடும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் தனிக் காசு. மொத்தமாகக் கணக்கெடுப்பார்களா, நாளுக்கு நாள் எடுப்பார்களா என்றும் கேட்டு வையுங்கள். ‘ஓர் சிமிலர்’ என்று எழுதியிருந்தால் படத்தில் உள்ள காரே வரும் என்று இல்லை, அதே அளவில் வேறொன்று வரும். ‘ஃபுல் ரு ஃபுல்’ என்றால் நிரப்பித் தருவார்கள், நிரப்பிக் கொடுக்கவேண்டும். டெபொசிற்றுக்கு அத்தானின் பெயரிலேயே கிரெடிட் காட் கேட்பார்கள், காசை எடுக்காமல் பிடித்து வைப்பார்கள், விட நாள் செல்லும். கனடா லைசென்ஸை இங்கே செல்லுபடியாக்கும் வேலையும் இருக்கிறது. பிள்ளை இருக்கையை இப்போதே சொல்லி வையுங்கள்.

உள்ளதைச் சொன்னால், விடிய 3 மணிக்கு இறங்கியவர் அன்றே ஓட்டவேண்டாம். இரவில் கனகராயன்குளத்திலிருந்து முறிகண்டி வரைக்கும் மாடுகள் றோட்டிலேயே படுத்திருக்கும், தார்ச் சூட்டுக்கு. கிட்டப் போகும் வரைக்கும் தெரியாது. சாரதியோடு வாகனம் எடுத்தால் சாரதியின் சாப்பாடு, தங்குமிடம் யாருடைய செலவு என்பதை மட்டும் முதலே பேசி முடியுங்கள்.

பிகேடி_மகள்:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலையிலேயே கடைக்குப் போனேன். 13 இலக்கம் இல்லை, புக்கிங் மட்டும்தான் இருந்தது. பெயரில் ஒரு எச் குறைவு, திருத்தச் சொன்னேன். மிச்சக் காசைக் கட்டி, இஷ்யூ பண்ணும் வரைக்கும் அங்கேயே இருந்தேன், இப்போது நம்பர் கையில் இருக்கிறது, எயார்லைன் தளத்திலும் அம்மாவின் பெயர் வருகிறது, வீல்செயாரும் பதிந்தாயிற்று. காருக்குப் பதிலாகச் சாரதியோடு வான் என்று அத்தானிடம் சொல்லியிருக்கிறேன். கலண்டரில் 13க்கு வட்டம் போட்டது அம்மாதான். பனங்கட்டியும் எலுமிச்சை ஊறுகாயும் கொண்டுபோகலாமா என்று கேட்கிறார்.

வவுனியன்:

பனங்கட்டி பிரச்சினையில்லை. ஊறுகாயைப் பெரிய பெட்டியில் வையுங்கள், கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேல் எண்ணெய்ப் பதமானது விடமாட்டார்கள். கனடாவில் இறங்கும்போது சாப்பாட்டுச் சாமான் இருக்கிறதா என்று கேட்டால் ஓம் என்றே சொல்லச் சொல்லுங்கள். ஊறுகாய்ப் போத்தலின் மூடியில் ரேப் சுற்றிப் பொலித்தீன் பைக்குள் இடுங்கள்.