டேட்டாபேஸ் கமாண்ட் லைனில் இன்னும் உறுத்தும் ஒரு தருணம் – பகிருங்கள்

கருந்திரை:
மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்குக் கட்டளை தட்டும் கிளையன்ட். புதிதாகச் சேர்ந்த தம்பி, ஆக்டிவ் அல்லாத கணக்குகளை மட்டும் நீக்க டிலீட் எழுதினார். எந்த வரிசைகள் என்று சொல்லும் வேர் (WHERE) பகுதியில் ஸ்டேட்டஸ் <> 'ஆக்டிவ் என்பதோடு நின்றுவிட்டது. மூடும் மேற்கோள் இல்லை. கட்டளையை முடிக்கும் செமிகோலன் போட்டு என்டர் தட்டினார், அசையவில்லை. இன்னொரு செமிகோலன். இன்னொன்று. திரை ஓரத்தில் -> இருக்க வேண்டிய இடத்தில் '> நின்றது. போட்ட செமிகோலன் எல்லாம் மேற்கோளுக்குள்ளேயே சேர்ந்துகொண்டிருந்தது. "கோட் மூடலண்ணா" என்று விரலைக் கொண்டுபோனபோது கையைப் பிடித்தேன். மூடி ஒரு செமிகோலன் போட்டிருந்தால், குப்பை ஒட்டிய அந்தச் சொல்லோடு எந்த வரிசையும் பொருந்தாது; ஆக்டிவ் கணக்குகளும் போயிருக்கும். மேற்கோளை மூடிய கையோடு \சி அடிக்கச் சொன்னேன். கட்டளை ரத்தானது.

இரவுப்பணி:
எங்கள் சீனியர் ஸ்டார்ட் டிரான்சாக்‌ஷன் போட்டார். சில அப்டேட், அப்புறம் டேபிளையே நீக்கும் ஒரு டிராப் டேபிள். தவறான டேபிள். உடனே, அதுவரை செய்ததைக் கைவிடும் ரோல்பேக். க்வெரி ஓகே என்று வந்தது, எல்லோரும் மூச்சு விட்டோம். ஷோ டேபிள்ஸ் அடித்தால் அது இல்லை. மைஎஸ்க்யூஎல்லில் டிராப் வந்தாலே கமிட் ஆகிவிடும், பிறகு ரோல்பேக்கால் திரும்பாது. முந்தைய அப்டேட்களும் நிலைத்துவிட்டன. அந்த க்வெரி ஓகே மேல் எனக்கு இன்னும் கோபம்.

யானைப்பக்கம்:
@இரவுப்பணி, போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் என்றால் அந்த டேபிள் திரும்பியிருக்கும். அங்கே டிராப் டேபிளும் டிரான்சாக்‌ஷனுக்குள் அடங்கும். திரை ஓரத்தில் வரும் பிராம்ப்ட்டும் சொல்லும்: டிரான்சாக்‌ஷனில் இருந்தால் =*#, பிழையில் சிக்கினால் =!#. மேற்கோள் மூடாவிட்டால் '#. @கருந்திரை, உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள், போஸ்ட்கிரஸின் கிளையன்டான பிஎஸ்க்யூஎல்லில் \சி அடித்தால் ரத்தாகாது. அது வேறு டேட்டாபேஸோடு இணைக்கும் கட்டளை. எழுதியதைத் துடைக்க \ஆர். மைஎஸ்க்யூஎல்லிலேயே இருப்பதானால் சேஃப்-அப்டேட்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பை மை.சிஎன்எஃப் செட்டிங்ஸ் கோப்பில் போட்டுவிடுங்கள். அந்த ஸ்டேட்டஸ் ஃபீல்டுக்கு இண்டெக்ஸ் இல்லையென்றால், லிமிட் இல்லாத டிலீட்டை 1175 பிழை காட்டி மறுத்துவிடும். டிலீட்டுக்கு முன் அதே வேர் பகுதியோடு செலக்ட் கவுன்ட் ஓட்டிப் பார்ப்பதும் நல்லது.

இரவுப்பணி:
போஸ்ட்கிரஸுக்கு மாறு என்பது சரி, அந்த ராத்திரியில் அது உதவாது. முந்தைய நாள் எடுத்த மைஎஸ்க்யூஎல்டம்ப் பேக்கப் கோப்பிலிருந்து அந்த ஒரு டேபிளின் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து ஏற்றினோம். டம்ப் எடுத்த பிறகு சேர்ந்த வரிசைகள் கிடைக்கவில்லை. ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் பின்லாக் ஆன் செய்யப்படவே இல்லை.