ஞாயிறு படம்: எது டீவி கோளாறு, எது படமே அப்படி

கார்த்தி: இந்த ஞாயிறு இரான் படம். டைரக்டர் கியரோஸ்தமி. கான் திரைப்பட விழாவுல விருது வாங்கினதுலயே ஆரம்பிச்சிடலாமா மாமா?

சுந்தரம் மாமா: வேண்டாம்டா. "டேஸ்ட் ஆஃப் செர்ரி" 1997ல அங்க பெரிய விருதான பாம் தோர் வாங்கினதுதான். ஆனா பெரும்பாலும் காருக்குள்ள பேச்சு. அதை முதல்ல போட்டா பாதி பேர் எழுந்து போயிடுவாங்க. 1987ல வந்த "வேர் இஸ் தி ஃபிரெண்ட்ஸ் ஹவுஸ்" போடு, ஒன்றரை மணி நேரம்கூட இல்ல. கூடப் படிக்கிறவனோட நோட்டு தவறுதலா ஒரு பையனோட பையில வந்துடுது. இன்னொரு தடவை நோட்டுல எழுதாம வந்தா பள்ளிக்கூடத்தை விட்டே அனுப்பிடுவேன்னு வாத்தியார் அந்தக் கூடப் படிக்கிறவன்கிட்ட சொல்லியிருக்கார். கதை அவ்வளவுதான்.

பெரியம்மா: இங்கிலீஷ் எழுத்து ஓடற வேகத்துக்கு எனக்குப் படிக்க வராதேப்பா.

சுந்தரம் மாமா: இதுல வராதுன்னு இல்ல அக்கா. சின்னச் சின்ன வசனம், அதையே அந்தப் பையன் அம்மாகிட்ட திரும்பத் திரும்பச் சொல்லுவான். முகத்தைப் பாத்தாலே புரியும்.

கார்த்தி: அதுலதான் சிக்கல். சப்டைட்டிலுக்கு தனி ஃபைல் போட்டேன். ஆரம்பத்துல சரியா இருக்கு, போகப் போக பேசறதுக்கு முன்னாடியே எழுத்து வந்துடுது. டிலே வெச்சு, அதாவது எழுத்தைக் கொஞ்சம் தாமதமா வர வெச்சு, சரி பண்ணாலும் பத்து நிமிஷத்துல மறுபடி அதே கதை.

மீனா அக்கா: டிலே வெச்சா தீராது கார்த்தி, வேகமே வேற. ஃபைல் செகண்டுக்கு 25 ஃப்ரேம் கணக்குல செஞ்சது, உன் படம் 23.976ல ஓடுது. ஒரு மணி நேரத்துக்கு ரெண்டரை நிமிஷம் முந்திக்கும். சப்டைட்டில் எடிட் சாஃப்ட்வேர்ல ஃப்ரேம் ரேட்டை 25ல இருந்து 23.976க்கு மாத்தி சேவ் பண்ணு. அப்புறம் முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் மட்டும் ஓட்டிப் பாரு. ரெண்டும் பொருந்தினா நடுவுல தானா பொருந்தும்.

மீனா அக்கா: டீவில மோஷன் ஸ்மூத்திங்கை ஆஃப் பண்ணிடு. ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தா அதைப் போட்டாலே போதும். இல்லேன்னா டீவியே நடுவுல ஃப்ரேம் செருகி, பையன் மேட்டுப் பாதையில ஓடறது மெகா சீரியல் மாதிரி வழவழன்னு ஆயிடும். ரெண்டு ஓரத்துலயும் மெல்லிசா கறுப்புப் பட்டை வரும். உயரத்துக்கு அகலம் படத்துல 1.66 மடங்கு, டீவில 1.78 மடங்கு, அதனாலதான். ஜூம் பண்ணாத, மேலயும் கீழயும் வெட்டுப்படும்.

கார்த்தி: பண்ணிடறேன் அக்கா. அடுத்த ஞாயிறு?

சுந்தரம் மாமா: 1992, 1994 படங்கள், இதே வரிசையில. 1990 ஜூன்ல முதல் படம் எடுத்த பக்கம் பெரிய பூகம்பம். முதல் படத்துல நடிச்ச பசங்க உயிரோட இருக்காங்களான்னு ஒரு டைரக்டர் தேடிப் போறதுதான் 1992 படம். அதுல புதுசா கல்யாணம் ஆன ஒரு ஜோடி வரும். அந்தக் காட்சியை எடுத்த கதைதான் 1994 படம். மாத்திப் பாத்தா அந்த ருசியே போயிடும்.

சுந்தரம் மாமா: 1994 படத்தை யாரும் போன்ல பாக்காதீங்க. கடைசி ஷாட்டுல பச்சை வயல்ல ரெண்டு பேர் வெள்ளைப் புள்ளியா போவாங்க. அந்தப் புள்ளி எப்படி நகருதுங்கறதுலதான் முடிவே இருக்கு. சின்னத் திரையில, நெட் மந்தமா இருந்தா, புள்ளி வயலோட கரைஞ்சுடும்.

மீனா அக்கா: மாமா, செர்ரி படத்தோட முடிவையும் முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க. பாதி பேர் ரிமோட்டை எடுத்துடுவாங்க.

சுந்தரம் மாமா: ஆமாம்மா. திரை கறுப்பாகி ரொம்ப நேரம் அப்படியே இருக்கும், கரண்ட் போகல. அப்புறம் சாதாரண வீடியோ கேமராவுல எடுத்த மாதிரி மங்கலா வரும், ஃபைலும் கெடல. அவரோட இன்னொரு படம் "க்ளோஸ்-அப்", அதோட கடைசியில பைக்ல போறப்ப மைக் கோளாறு மாதிரி சத்தம் விட்டு விட்டுக் கேக்கும். அதுவும் அவர் வேணும்னே வெச்சது. யாரும் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்காதீங்க.