ஷ்டுட்கார்ட்டில் முதல் மாதம்: எதை முதலில் முடிப்பது?

காவேரிக்கரை:
கணவருக்கு ஜெர்மனியில், ஷ்டுட்கார்ட்டில் வேலை. அக்டோபரில் 5 வயது மகளோடு மூன்று பேரும் கிளம்புகிறோம். முதல் இரண்டு மாதத்துக்கு கம்பெனியே ஃபர்னிஷ்டு வீடு தருகிறது. யூட்யூபில் எதைத் திறந்தாலும் கோட்டையும் கிறிஸ்துமஸ் சந்தையும்தான். எனக்குத் தெரிய வேண்டியது இரண்டே: இறங்கியதும் எந்த வேலையை முதலில் முடிக்க வேண்டும்? அக்கம்பக்கத்தில் எதைச் செய்தால் முகம் சுளிப்பார்கள்? மிக்ஸி, கிரைண்டர் எடுத்து வரலாமா என்றும் சொல்லுங்கள்.

நெக்கர்வாசி:
முதல் வேலை அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் பியூர்கர்பியூரோ என்ற நகராட்சி அலுவலகத்தில் செய்ய வேண்டும். அங்கே முன்பதிவு நேரம் கிடைப்பதுதான் தலைவலி என்பதால் ஊரில் இருக்கும்போதே ஆன்லைனில் பிடித்துவிடுங்கள். இரண்டு வாரம் தாண்டித்தான் கிடைத்தது என்றால் அந்த உறுதி மெயிலைப் பத்திரமாக வைத்திருங்கள். பாஸ்போர்ட், திருமணச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்று, ஜெர்மன் மொழிபெயர்ப்பு எல்லாம் கையில் இருக்கட்டும். இவற்றோடு 'இவர்கள் இங்கே குடியிருக்கிறார்கள்' என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் ஒன்று வேண்டும். வாடகை ஒப்பந்தம் அதற்கு ஈடாகாது. தற்காலிக வீடு தரும் சிலர் இந்தத் தாளைத் தரமாட்டார்கள். கம்பெனியிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

பதிவு முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அது இல்லாமல் சம்பளம் போட்டால், வரி அதிகமாகப் போகும் ஆறாம் வரி வகுப்பில் பிடிக்கக்கூடும், முதல் சம்பளத்தைப் பார்த்ததும் பகீரென்று இருக்கும். எண் கொடுத்த பிறகு சரிசெய்துவிடுவார்கள்.

நம்மவர்கள் சறுக்கும் இடம் பெயர். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி, அல்லது அதில் அப்பா பெயர். கணவன், மனைவி, பிள்ளை மூவருக்கும் மூன்று குடும்பப் பெயர் வந்துவிடும். பதிவு முடிந்து தரும் தாளில் எதைக் குடும்பப் பெயராகப் போட்டிருக்கிறார்கள் என்று அங்கேயே நின்று படியுங்கள். வங்கி, காப்பீடு எல்லாவற்றிலும் எழுத்து மாறாமல் அதையே கொடுங்கள். தபால் பெட்டியிலும் மூன்று பெயரையும் ஒட்டுங்கள். இங்கே தபால்காரர் கதவு எண்ணைப் பார்த்துப் போடுவதில்லை, பெட்டியில் பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். வங்கி அட்டை, அதன் ரகசிய எண், காப்பீட்டு அட்டை எல்லாமே தபாலில்தான் வரும்.

இன்னொன்று: பதிவில் மதம் கேட்பார்கள். கத்தோலிக்கர் என்றோ புராட்டஸ்டண்ட் என்றோ எழுதினால் தேவாலய வரி தொடங்கிவிடும். உங்கள் மாநிலமான பாடன்-வூர்ட்டம்பெர்கில் அது வருமான வரித் தொகையில் 8 சதவீதம், சம்பளத்தில் அல்ல. இந்து, முஸ்லிம் என்றால் இது இல்லை. பின்னால் விலக வேண்டுமென்றால் தனியாக மனு, அதற்குக் கட்டணம்.

தேனிக்காரன்:
வரி எண் கடிதத்தோடு, பொது டிவி, ரேடியோவுக்கான ஒளிபரப்புக் கட்டணக் கடிதமும் வந்து சேரும். டிவி இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, எத்தனை பேர் இருந்தாலும் ஒரே கட்டணம். தம்பதிக்குத் தனித்தனியாகக் கடிதம் வந்தால் ஒருவர் கட்டிவிட்டு, அந்தக் கணக்கு எண்ணை மற்றவர் பதிலில் எழுதினால் போதும். மோசடி என்று நினைத்துக் குப்பையில் போடாதீர்கள். நினைவூட்டல், அபராதம், அதற்குப் பிறகு ஜப்தி வரை போகும்.

ஹாம்_அக்கா:
தங்கச்சி, ஜேர்மனியில வீட்டுச் சொந்தக்காரரோட வாற சண்டையில பாதி பூஞ்சணத்தாலதான். சோறு, இட்லி எண்டு நாங்கள் அவிக்கிற அவியலுக்கு வீட்டுக்குள்ள ஈரம் தங்கும். குளிர்காலத்தில அது யன்னல் ஓரத்துச் சுவரிலயும் அலுமாரிக்குப் பின்னாலயும் கறுப்பாப் பிடிக்கும். யன்னலை மேல்பக்கம் மட்டும் சரிச்சுத் திறந்து நாள் முழுக்க விடுறதுதான் பெரிய பிழை. காத்து மாறாது, சுவர்தான் குளிரும், குளிர்ந்த சுவரில ஈரம் படியும். ஹீட்டரைக் குறைச்சுப்போட்டு யன்னலை முழுசா அகலத் திறந்து 5 தொடக்கம் 10 நிமிஷம் விடுங்கோ. ஒரு நாளைக்கு மூண்டு நாலு தரம், சமைச்ச உடன, குளிச்ச உடன கட்டாயம். அலுமாரியை வெளிச்சுவரோட ஒட்ட வையாதேங்கோ, ஒரு கை நுழையிற இடம் விடுங்கோ.

ஹீட்டர் திருகில 3 எண்டா ஏறத்தாழ 20 பாகை. 5இல வைச்சா கெதியாச் சுடாது, கூடச் சுடும், அவ்வளவுதான். வருஷக் கடைசியில ஹீட்டர் செலவுக் கணக்கு வரேக்க தெரியும்.

குப்பையில வாளியின்ர நிறம் ஊருக்கு ஊர் மாறும், மூடியில உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கோ. பொதியுறை, கடதாசி, சாப்பாட்டுக் கழிவு, மிச்சம் எண்டு நாலு வகை. போத்தல் வேற: வெள்ளை, மண்ணிறம், பச்சை எண்டு தெருமூலையில பெட்டி இருக்கும். நீலப் போத்தல் பச்சைக்குள்ள. ஞாயிற்றுக்கிழமை அங்க போத்தல் போடக்கூடாது, சத்தம்.

நெக்கர்வாசி:
அக்கா சொன்னதோடு ஷ்டுட்கார்ட்டுக்கே உரிய கேர்வோக. பெருக்கும் வாரம். கதவுக் கைப்பிடியில் ஒரு சின்ன அட்டை தொங்கினால் அந்த வாரம் உங்கள் முறை. சிறியது என்றால் உங்கள் மாடிப்படியும் வாசலும், பெரியது என்றால் பொது நுழைவாயில், நிலவறை, நடைபாதை. பனி விழுந்தால் பல வீடுகளில் நடைபாதையைச் சுத்தம் செய்வதும் இதில் சேரும். சனிக்கிழமைக்குள் முடித்துவிட்டு அட்டையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும். படி சுத்தமாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், ஆனால் மறுநாளே அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டு தொங்கும். எல்லா வீட்டிலும் இது இல்லை, ஒப்பந்தத்திலோ ஹவுஸோர்ட்னுங் என்ற வீட்டு விதித் தாளிலோ எழுதியிருந்தால்தான்.

தேனிக்காரன்:
மிக்ஸிக்கு வருவோம். இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மோட்டார் ஓடும், நம் மூன்று முனை பிளக் நுழையாது. எர்த் இல்லாத பயண அடாப்டரில் கிரைண்டர் ஓட்டாதீர்கள், எலக்ட்ரீஷியனிடம் ஷூகோ என்ற இந்த ஊர் எர்த் பிளக் மாற்றிக்கொள்வதே நல்லது. இரவு 10 முதல் காலை 6 வரையும் ஞாயிறு முழுவதும் அமைதி நேரம். மாவு அரைப்பது, ட்ரில் போடுவது எல்லாம் சனிக்கிழமைப் பகலில். குழந்தை ஓடியாடும் சத்தத்துக்கு இந்தக் கண்டிப்பு கிடையாது, பயப்படாதீர்கள்.

ஞாயிறு கடை கிடையாது. பெரிய ரயில் நிலையக் கடைகள் போன்ற சிலதான் திறந்திருக்கும். காலித் தண்ணீர் பாட்டிலையும் குளிர்பான டின்னையும் நசுக்காதீர்கள், லேபிளைக் கிழிக்காதீர்கள். ஒருமுறை மட்டும் பயன்படும் வகை ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் முன்பணம் வாங்கியிருப்பார்கள், பார்கோடு படிக்க முடியாவிட்டால் கடையில் காலியைத் திரும்ப வாங்கும் மெஷின் திருப்பித் தள்ளிவிடும்.

காவேரிக்கரை:
மிக்க நன்றி. மகளுக்குப் பள்ளியா, கிட்டா என்கிற மழலையர் காப்பகமா? கணவர் இந்திய லைசென்ஸில் கார் ஓட்டலாமா?

நெக்கர்வாசி:
உங்கள் மாநிலத்தில் ஜூன் 30-க்குள் 6 வயது நிறைந்தால் அந்தச் செப்டம்பரில் முதல் வகுப்பு. அதுவரை கிட்டா. இடம் தட்டுப்பாடு, முகவரிப் பதிவுக்குக் காத்திராமல் இப்போதே விண்ணப்பியுங்கள், ஒன்றை மட்டும் நம்பாமல் ஐந்தாறு இடத்தில்.

லைசென்ஸ் இங்கே குடியேறிய நாளிலிருந்து 6 மாதம் மட்டும் செல்லும், மொழிபெயர்ப்பும் கூடவே இருக்க வேண்டும். அதன்பின் எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் இரண்டும் உண்டு, இந்திய உரிமத்தை நேரடியாக மாற்றித் தரமாட்டார்கள். ஓட்டுநர் பள்ளியின் கட்டாய வகுப்பு எண்ணிக்கையிலிருந்து விலக்கு இருந்தாலும் சில வகுப்பு எடுக்கச் சொல்லுங்கள். வலப்பக்கச் சாலைப் பழக்கமும், பலகை இல்லாத சந்திப்பில் வலமிருந்து வருபவருக்கு வழிவிடும் விதியும் கைக்கு வராமல் தேர்வுக்குப் போனால் முதல் சந்திப்பிலேயே முடிந்துவிடும்.