நோயாளி இருக்கும் வீட்டுக்கு மாடு கொடுப்பது உதவியா, சுமையா?

கரிசல்காட்டான்:
எங்கள் ஊரில் ஒரு தொண்டு நிறுவனம் இலவசக் கறவை மாட்டுக்குப் பெயர் எழுதுகிறது. கணவர் படுத்த படுக்கையாக இருக்கும் வீடுகளுக்கு முதலிடமாம். எனக்கு இது சரியாகப் படவில்லை. 2011 செப்டம்பரில் அரசு விலையில்லா மாடு கொடுக்க ஆரம்பித்தபோதும் மாடு பெண்கள் பெயரில்தான் வந்தது. நடந்தது என்ன? விடியும் முன்னே சாணி அள்ளி, பால் பீய்ச்சி, சொசைட்டிக்கு ஓடி, அப்புறம் நூறு நாள் வேலை, திரும்பும்போது தலையில் புல்லுக்கட்டு. இதற்கு நடுவில் படுத்திருப்பவருக்குக் கஞ்சியும் மாத்திரையும். கலப்பின மாட்டுக்குத் தினமும் 20, 25 கிலோ பசும்புல் வேண்டும். நிலமே இல்லாதவள் யார் வரப்பில் போய் அறுப்பாள்? பால் பணம் வாங்க மட்டும் மகனோ கொழுந்தனோ போவார்.

தேனிக்காரி:
அண்ணா, வேலைச்சுமை பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை. அதற்காகக் கொடுக்கவே கூடாது என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் அப்பாவுக்கு டிபி வந்தது. மாத்திரை இலவசம், காப்பீட்டு அட்டையும் இருந்தது. ஆனால் ஆறு மாதம் கூலிக்குப் போகாத வீட்டில் அரிசி வாங்க எந்த அட்டையும் உதவாது. அம்மாவின் வெள்ளாடுகள்தான் எங்களைக் காப்பாற்றின. ஒவ்வொரு கிடாயாகச் சந்தைக்குப் போனது. அவற்றை விற்க அம்மா யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அவர் கையில் அப்படி இருந்த சொத்து அது ஒன்றுதான்.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:
இருவரும் நோயாளியைப் பற்றியே பேசுகிறீர்கள். மாட்டிலிருந்தே வரும் நோயை யாரும் சொல்லவில்லை. கன்று வீச்சு நோய், அதாவது புருசெல்லோசிஸ். சினைமாடு ஏழு, எட்டு மாதத்தில் கன்றை வீசும், அதாவது கரு கலைந்து விழும். வீசிய கன்றிலும் நஞ்சுக்கொடியிலும் கிருமி ஏராளமாக இருக்கும். நம் ஊரில் பாலைக் காய்ச்சித்தான் குடிக்கிறோம், அதனால் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. வெறுங்கையால் கொட்டிலைச் சுத்தம் செய்பவருக்குத்தான் ஆபத்து. விட்டு விட்டுக் காய்ச்சல், இரவில் வியர்வை, மூட்டுவலி. டைபாய்டு என்று நினைத்து மாதக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன். சரியான இரத்தப் பரிசோதனை செய்தால் ஆறு வாரம் இரண்டு மருந்து சேர்த்துக் கொடுப்பார்கள்.

வயல்வெளி:
ஐயா, எல்லாவற்றையும் பெண்கள் தலையில்தான் கட்டுகிறோம் என்பது போலப் பேசுகிறார்கள். நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றிச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவது நாங்கள்தானே? மாடு முட்டினால் பிடிப்பதும் நாங்கள்தான்.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:
தம்பி, நீங்கள் எடுத்துப்போவது மூட்டையை. தரையில் கிடப்பதை அள்ளிக் கழுவுவது யார் என்று வீட்டில் கேளுங்கள். அப்புறம், மரத்தில் தொங்கவிடாதீர்கள், நாயும் காக்கையும் இழுத்துப் பரப்பும். சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும். பெண் கன்றுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் ஒரே ஒரு தடுப்பூசி, 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசமாகவே போடுகிறார்கள். ஆனால் முகாம் பற்றிய பேச்சு டீக்கடையோடு நின்றுவிடும். கன்றின் வயது தெரிந்தவள் அந்த நேரம் களை எடுத்துக்கொண்டிருப்பாள்.

கரிசல்காட்டான்:
இதைத்தானே நானும் சொல்கிறேன், ஐயா. ஏற்கெனவே ஒருவர் படுத்திருக்கும் வீட்டில் இன்னொருவரையும் படுக்க வைக்கவா மாடு? அவளும் விழுந்தால் கறவையும் நிற்கும், கஞ்சியும் நிற்கும்.

தேனிக்காரி:
கையுறையும் தடுப்பூசியும் இல்லாததற்கு மாட்டைப் பறிப்பதா மருந்து? நோய் வந்த வீட்டில் கந்துவட்டிக்காரன் வாசலுக்கு வர ஒரு வாரம் போதும், அது உங்களுக்குத் தெரியாததில்லை. மாடு வேண்டாம் என்றால் ஆடு கொடுக்கச் சொல்லுங்கள். மேய்ச்சலை ஒரு வயதானவர்கூடப் பார்த்துக்கொள்வார், அவசரத்துக்கு ஒன்றை மட்டும் விற்கலாம். மாட்டில் பாதியை விற்க முடியுமா?

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:
அம்மா, ஆட்டுக்கும் அந்த நோய் உண்டு. ஆட்டிலிருந்து வருவது மனிதரை இன்னும் கடுமையாகத் தாக்கும். ஆட்டுக்கொல்லி நோய் வந்தால் மந்தையே போய்விடும். தடுப்பூசி போடாமல் ஆடும் கொடுக்கக் கூடாது.

கரிசல்காட்டான்:
ஆடு என்றால் நான் குறுக்கே நிற்கவில்லை. மாட்டுப் பட்டியலை மட்டும் எதிர்ப்பேன். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம், அங்கேயே சொல்கிறேன்.

தேனிக்காரி:
காலை பத்து மணிக்கா? பட்டியலில் இருக்கும் பெண்களில் ஒருத்திகூட வர முடியாது. முதலில் கூட்டத்தை ராத்திரி ஏழு மணிக்கு மாற்றச் சொல்லுங்கள், அண்ணா. மாடா, ஆடா, எதுவுமே வேண்டாமா என்பதை அவர்களே சொல்லட்டும்.