ஜோ தாமஸ் கிளீவ்லாந்திலேயே கிடந்தது சரியா?

இடதுமூலை:
நேராகவே கேட்கிறேன். 2007 முதல் 2017 வரை அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் ஜோ தாமஸ் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணிக்கு மட்டுமே ஆடினார். 167 ஆட்டம், அதில் 48 வெற்றி, 119 தோல்வி, சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் பக்கமே போனதில்லை. ஆறு தலைமைப் பயிற்சியாளர்கள் வந்து போனார்கள், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குகளோ வருவதும் போவதுமாக இருந்தார்கள். 2015ல் டென்வர் அணிக்கு மாற்றும் பேச்சு நடந்து முறிந்தது, அதே சீசனில் டென்வர் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை ஜெயித்தது! குவார்ட்டர்பேக்கின் இடதுபக்கத்தைக் காக்கும் அப்படி ஒரு லெஃப்ட் டாக்கிளை பிரவுன்ஸ் நிர்வாகம் வீணடித்துவிட்டது. ஊர்ப்பாசம் என்று சொல்லி அதை மூடி மறைக்க வேண்டாம்.

கரிசல்காட்டான்:
வீணா? எப்படி நண்பரே? முதல் ஆட்டத்தில் தொடங்கி ஒரு ஸ்னாப்கூட (பந்தைப் பின்னால் கொடுத்துத் தொடங்கும் ஒவ்வொரு நகர்வும் ஒரு ஸ்னாப்) விடாமல் 10,363 ஸ்னாப் நின்றவர். பந்தை எறியத் திரும்பும் வலதுகைக்காரருக்குக் கண் தெரியாத பக்கம் அந்த இடதுபக்கம், அங்கே எதிரணியின் வேகமான ஆள் பாய்ந்து வருவான், ஒரு தடவை கால் பிசகினாலும் அடி வாங்குவது குவார்ட்டர்பேக். அணி 1-15 என்று, ஒரே வெற்றியோடு தோற்ற 2016லும் அவர் சீசனின் சிறந்த வீரர்களுக்கான ப்ரோ பவுலுக்குத் தேர்வானார், அது தொடர்ந்து பத்தாவது ஆண்டு. கோப்பையை வைத்து, முன்வரிசையில் நின்று தடுக்கும் லைன்மேனை எடை போட்டால் லைன்மேன் வேலையே புரியவில்லை என்று அர்த்தம். 2023ல் தகுதி வந்த முதல் ஆண்டிலேயே ஹால் ஆஃப் ஃபேம் என்ற மாபெரும் வீரர்களின் கௌரவப் பட்டியலில் எடுத்தார்களே, அவர்களுக்குத் தெரியாதா?

மழைக்கோடு:
இரண்டு பேருமே உடம்பை மறந்துவிட்டீர்கள். 2017ல் ஒரு பேட்டியில், கடைக்குப் போய் நின்றபிறகு எதை வாங்க வந்தோம் என்பது மறந்துபோகிறது என்று அவரே சொன்னார், அப்போது அவருக்கு 32 வயதுதான். வீட்டில் மனைவி ஆனி, சின்னச் சின்னப் பிள்ளைகள். அந்த அக்டோபரில் டென்னசியுடனான ஆட்டத்தில் கையின் பின்தசை கிழிந்தது, அதோடு ஸ்னாப் கணக்கும் முடிந்தது. விட்டிருந்தால் இன்னும் ஆடியிருப்பார் என்பதுதான் எனக்குக் கவலை.

இடதுமூலை:
அதைத்தான் நானும் சொல்கிறேன் சகோ, தோற்கும் அணிக்கு அந்த உடம்பை ஏன் கொடுக்க வேண்டும்?

கரிசல்காட்டான்:
ஜெயிக்கிற அணியில் ஆடினால் மூளை அடிபடாதா என்ன? டென்வரில் ஆடியிருந்தாலும் மோதல் அதே மோதல்தான். அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2007 டிராஃப்ட் அன்று நியூயார்க் மேடைக்கு வராமல் அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்த மனிதர், அவருக்கு எது முக்கியம் என்று நாம் வெளியிலிருந்து தீர்மானிப்பது சரியில்லை.

மழைக்கோடு:
சரி, அவர் முடிவு அவருடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு ஸ்னாப் விடாததை மட்டும் பெருமையாகப் பேசிக்கொண்டே இருந்தால், தலையில் அடிபட்ட இளம் பையன் வெளியே வரத் தயங்குவான். 2018 மார்ச்சில் ஓய்வு அறிவித்து, 300 பவுண்டுக்கு மேல் இருந்த உடம்பை மளமளவென்று இறக்கினாரே, அதையும் அதே சத்தத்தோடு பேசுங்கள்.